ரெண்டு காலும்தானே குதிச்சுது?

போன ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலில் குவித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தேன். தரையில் கால் மடக்கி உட்கார்ந்து துணி மடிக்கிற பாக்கியம் என்னை விட்டுப் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. பேத்தியின் யூனிஃபார்முக்கு நடுவிலிருந்து ஒரு கிரேப் பேண்டேஜ் விழுந்தது. என்னுடையதுதான் தவறிப்போய் இங்கே வந்துவிட்டது என்று நினைத்து அலமாரியைத் திறந்தேன். என்னுடையது அங்கே பத்திரமாக இருந்தது!

சாயங்காலம் பேத்தி டியூஷன் முடிந்து வந்தாள். வயது பதினான்கு. பள்ளிக்கூட வாலிபால் டீமில் இருக்கிறாள். வழக்கமாக மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறுகிறவள், அன்றைக்கு ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தாள். அந்த ஏற்றத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நானே அப்படித்தானே ஏறுகிறேன்!

"வாடி இங்கே. முழங்காலைக் காட்டு."

"ஒண்ணுமில்லை அம்மாச்சி."

"ஒண்ணுமில்லாததுக்கா பேண்டேஜ்?"

காட்டினாள். முழங்கால் சில்லுக்கு இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய பள்ளம் தூர்ந்துபோய், மூட்டே ஒரு உருண்டையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை ஸ்மாஷ் அடித்துவிட்டுக் கீழே இறங்கும்போது கால் திரும்பிவிட்டதாம். ஐந்து நாளாக மறைத்திருக்கிறாள்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க அம்மாச்சி. சொன்னா அவ்வளவுதான், டீமை விட்டே நிறுத்திடுவாங்க. பதினஞ்சு நாள்ல டிஸ்டிரிக்ட் மேட்ச் வருது. சத்தியம் பண்ணுங்க" என்று கையை நீட்டினாள்.

அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு இப்போது வயது 67. பத்தொன்பது வயதில் நானும் இப்படித்தான் ஒருத்தி முன்னால் கையை நீட்டினேன். எங்கள் வீட்டோடு இருந்த என் அத்தை அவள். பாவம், சத்தியத்தைக் கடைசி வரை காப்பாற்றினாள். அதற்கான விலையை நான் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். வீட்டில் விளையாடுகிற பெண் பிள்ளை இருந்தால் அவசியம் படியுங்கள். ஒரு காலத்தில் விளையாடி, இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரிகளும் படியுங்கள்.

சிமெண்டுத் தரையும் கான்வாஸ் ஷூவும்

1975 முதல் 1978 வரை திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்தேன். ஐந்தடி ஏழங்குலம் உயரம். "இந்த உயரத்துக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவேன்?" என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரியிலோ அந்த உயரத்தைப் பார்த்துவிட்டு முதல் வாரமே என்னை வாலிபால் டீமில் சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் ஆட்டத்துக்கு நெட்டின் உயரம் 2.24 மீட்டர், அதாவது ஏழடி நான்கங்குலம். அதற்கு மேலே எழும்பிப் பந்தை அடித்துவிட்டு இறங்க வேண்டும். ஒரு சாயங்காலத்தில் நூறு தடவைக்குக் குறையாது.

எங்கள் மைதானம் சிமெண்டுத் தரை. காலில் தேய்ந்துபோன கான்வாஸ் ஷூ. அந்த நாளில் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்கு மட்டும்தான் பாயிண்ட் என்பதால் சில ஆட்டங்கள் முடிவே இல்லாமல் நீளும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மலைக்கோட்டைப் படிகளை ஓடியே ஏறச் சொல்வார்கள். ஏறுவோம். இறங்கும்போது முழங்கால் கடகடவென்று ஆடும். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்குவோம்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "படிக்கத்தான் அனுப்பினேன். கையைக் காலை உடைச்சுக்கிட்டு வந்து நின்னே, அன்னியோட சரி. ஆட்டமும் கிடையாது, காலேஜும் கிடையாது" என்று முதல் வருஷமே சொல்லிவிட்டார். எனக்கோ ஆட்டம்தான் உயிர். 1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் கமல்ஜித் சந்து 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். ஒரு இந்தியப் பெண் ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம் வாங்கியது அதுதான் முதல் தடவை. பத்திரிகையிலிருந்து அவருடைய படத்தைக் கத்தரித்து நோட்டுக்குள் வைத்திருந்தேன்.

1977 டிசம்பர். பந்தை அடித்துவிட்டு ஒற்றைக் காலில், வலது காலில், இறங்கினேன். பாதம் தரையில் ஊன்றி நின்றுவிட்டது. முழங்கால் மட்டும் உள்பக்கமாகத் திரும்பியது. பச்சைக் குச்சியை ஒடித்தாற்போல 'டப்'பென்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவளுக்கே கேட்டதாம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

அப்பாவிடம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சுளுக்கிக்கொண்டது என்று சொன்னேன். உண்மை தெரிந்தது அத்தை ஒருத்திக்குத்தான். பின்னல் தெருவிலிருந்து சுளுக்கு வழிக்கிற கிழவியைக் கூட்டிவந்தாள். நல்லெண்ணெய் விட்டு அவள் வழித்த வழிப்பில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. உப்பு ஒத்தடம், பத்துப் பற்று எல்லாம் ஆயிற்று. பத்து நாளில் வீக்கம் வடிந்தது. நடக்க முடிந்தது. சரியாகிவிட்டது என்றே நாங்கள் இருவரும் நம்பினோம்.

பன்னிரண்டாவது நாள் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி. பேண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். முதல் செட்டில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது செட்டில் பந்தை எடுக்கச் சட்டென்று திரும்பினேன். முழங்கால் என்னுடையதே இல்லை என்பதுபோல் மடிந்தது. விழுந்தேன். எழுந்து மறுபடியும் ஆடினேன். கோப்பை எங்களுக்குத்தான். அதற்குப் பிறகு மார்ச் மாதம் பரீட்சை வரும் வரை, கால் நழுவுவதும் நான் சமாளித்துக்கொள்வதுமாக ஆடிக்கொண்டுதான் இருந்தேன்.

பழியைப் போட ஒரு இடம்

1979-ல் கல்யாணம். பிறகு நான் பந்தைத் தொடவில்லை. குழந்தை, மாமியார், கணவரின் மாற்றல் என்று வருஷங்கள் ஓடின. முழங்கால் எப்போதாவது நழுவும். அதனால் சட்டென்று திரும்பமாட்டேன், ஓடமாட்டேன், படி ஏறுவதென்றால் தவிர்ப்பேன். "உனக்குக் கால் சரியில்லை, நீ உட்காரு" என்று வீட்டிலும் சொல்வார்கள். உட்கார்ந்தே இருந்தேன். கல்யாணத்தின்போது 56 கிலோ இருந்தவள் ஐம்பது வயதில் 78 கிலோ!

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வலி தொடங்கியது. மாதவிலக்கு நின்ற பிறகு இன்னும் அதிகமாயிற்று. முதலில் என்னை விட்டுப் போனது கோலம். குனிந்து போடலாம், குத்துக்காலிட்டு உட்கார்ந்து இழை எடுக்க முடியாது. அப்புறம் பந்தியில் சம்மணம் போட்டு உட்காருவது. அப்புறம் நம் ஊர்க் கழிப்பறை. வெளியூர்க் கல்யாணம் என்றால் முதலில் அங்கே என்ன கழிப்பறை என்று விசாரிக்கிற நிலைமை. 2006-ல் மகளுக்குக் கல்யாணம் செய்தோம். தாரை வார்க்கும்போது எல்லோரும் மணையில் உட்கார்ந்திருக்க, பெண்ணைப் பெற்ற நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கல்யாண ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை இன்றும் வேகமாகப் புரட்டிவிடுவேன்.

வலது தோளும் முழுசாக மேலே போகாது. பின்னல் போடக் கையைப் பின்னால் கொண்டுபோனால் பாதியில் நின்றுவிடும். பந்து பட்டு வீங்கிய மோதிர விரலின் கணு அப்படியே தடித்துப்போய்விட்டது. கல்யாணத்துக்குப் போட்ட மோதிரம் அந்தக் கணுவைத் தாண்டுவதற்குள் சோப்புத் தண்ணீர் தேவைப்பட்டது.

"ஏம்மா உனக்கு இப்படி?" என்று மகள் சின்ன வயதிலிருந்து கேட்கும்போதெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "எல்லாம் அந்த வாலிபாலால வந்த வினைடி." சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது! அவளும் அதை மனதில் ஆழப் பதித்துக்கொண்டுவிட்டாள்.

டாக்டர் கேட்ட கேள்வி

2010-ல், படுத்தால்கூட வலி நிற்காத நிலைமை வந்த பிறகு, எலும்பு டாக்டரிடம் போனேன். இரண்டு முழங்காலையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். இடது காலில் இரண்டு எலும்புக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. வலது காலில் உள்பக்கம் இடைவெளியே இல்லை. ஓரங்களில் முள் முள்ளாக எலும்பு வளர்ந்திருந்தது.

"வயசாச்சு டாக்டர். அதோட நான் காலேஜ்ல வாலிபால் ஆடினவ. குதிச்சுக் குதிச்சே தேஞ்சுபோச்சு" என்றேன்.

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ரெண்டு காலும்தானேம்மா குதிச்சுது? ரெண்டுக்கும் ஒரே வயசுதானே? அப்போ வலது கால் மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். பிறகு முப்பத்து மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாத டிசம்பர் மாதத்துக் கதையைச் சொன்னேன். ஸ்கேன் எடுத்தார்கள். அதில் தெரிந்தது.

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடிக்கிற நார்கள் இருக்கின்றன. அதில் முன்பக்கத்து நார் எனக்கு அன்றைக்கே அறுந்துபோயிருக்கிறது. இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள் உண்டு. பொதுவாக ஜவ்வு என்கிறோமே, அது. நார் இல்லாத முழங்கால் நழுவும்போதெல்லாம் உள்பக்கத்து மெத்தை நசுங்கி நசுங்கி நார் நாராகிவிட்டது. மெத்தை போனதும் பாரம் நேராகக் குருத்தெலும்பின் மேல் விழுந்தது.

இந்தக் குருத்தெலும்பு இருக்கிறதே, அது ஒரு விசித்திரமான பொருள். அதற்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. நரம்பு இல்லாததால் தேயும்போது நமக்குத் தெரிவதில்லை; ரத்தம் வராததால் தேய்ந்தது மறுபடி முன்போல் வளர்வதில்லை. வலி தெரிகிற நாளில் பெரும்பாலும் ஏற்கெனவே தேய்ந்துபோயிருக்கும்.

"அன்னைக்கே வந்திருந்தா?" என்று கேட்டேன். டாக்டர் மறைக்காமல் சொன்னார். எம்.ஆர்.ஐ. முறையில் ஒரு மனிதரின் மார்பை முதன்முதலாகப் படம் எடுத்ததே 1977 ஜூலையில், நியூயார்க்கில்தானாம். நம் ஊரில் அன்றைக்கு இதைக் கண்டுபிடித்து நாரைச் சீராக்கியிருக்க முடியும் என்று சொல்வதற்கில்லை. "ஆனா ஆறு மாசம் ஆடாம இருந்து, தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்திருந்தா மெத்தை இவ்வளவு கெட்டுப்போயிருக்காது" என்றார்.

அங்கேயே இன்னொரு சமாசாரமும் தெரியவந்தது. பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிப் பெண் தையல்காரர் நாடாவை எடுத்து என் இரண்டு தொடையையும் அளந்தாள். வலது தொடை மூன்று சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. "அம்மா, அடிபட்டது உங்க தப்பு இல்லை. ஆனா இந்த மூணு சென்டிமீட்டர், நீங்க முப்பது வருஷமா இந்தக் காலை உட்கார வச்சதுக்குக் கிடைச்சது" என்றாள். முழங்காலுக்கு வருகிற அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது தொடைத் தசைதான். குருத்தெலும்புக்கோ ரத்தம் இல்லாததால் மூட்டுக்குள் இருக்கும் நீர்தான் சாப்பாடு. நடக்கும்போது அழுந்தி, விரிந்து, பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல் அது தன் சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிற மூட்டு.

அப்படியானால் ஆட்டத்தின் மேல் தப்பே இல்லையா?

இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

உலக அளவில் போட்டி போடுகிறவர்கள் உடம்பைக் கடைசிச் சொட்டு வரை பிழிகிறார்கள். அதற்கு ஒரு விலை உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய சாய்னா நேவால், தன் முழங்காலில் மூட்டுவாதம் வந்துவிட்டது, குருத்தெலும்பு கெட்டுவிட்டது என்று 2024-ல் தானே சொன்னார். அப்போது அவருக்கு வயது 34-தான்.

ஓடுகிறவர்களைப் பற்றிப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். போட்டிக்காக ஓடியவர்களில் 100-க்கு 13 பேருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ தேய்மானம். ஓடவே ஓடாதவர்களில் 100-க்கு 10 பேருக்கு. உடம்பு நலத்துக்காக அளவாக ஓடுகிறவர்களில் 100-க்கு மூன்று, நான்கு பேருக்குத்தான்! ஆக, அளவுக்கு மீறினாலும் கேடு, சும்மா உட்கார்ந்தாலும் கேடு.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு அடிபடுவது. முன்பக்கத்து நாரோ மெத்தையோ கிழிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு பத்து முதல் இருபது வருஷத்துக்குள் முழங்கால் தேய்மானம் வந்துவிடுகிறது என்று 2007-ல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. இருபது வயதில் அடிபட்டால் நாற்பதில் கிழவி முழங்கால்! குதித்துத் திரும்பி ஆடுகிற ஆட்டங்களில் இந்த நார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். அதுவும் வயதுக்கு வந்த பிறகு.

2012-ல் எங்கள் பழைய டீம் ஒருமுறை கூடியது. எனக்கு லிஃப்ட் செய்து கொடுத்தவள் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ரிடையர் ஆகப்போகிறவள். என்னைப்போலத்தான் குதித்தாள், அவளுக்குப் பெரிதாக அடி எதுவும் பட்டதில்லை, ஆட்டத்தை விட்ட பிறகும் நடப்பதை விட்டதில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எனக்கு இலை போட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒருத்தியை வைத்து எல்லோருக்கும் சட்டம் சொல்ல முடியாது, வாஸ்தவம். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். தேய்ந்தது தேய்ந்ததுதான், முளைக்கவில்லை. ஆனால் வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. தினம் காலையில் முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கி அழுத்தி ஐந்து எண்ணுகிறேன். மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் ஒரு அடி உயரத்துக்குத் தூக்கி இறக்குகிறேன். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து மெள்ள உட்காருகிறேன். முதல் வாரம் மூன்று தடவை முடிந்தது, இப்போது பதினைந்து. பிறகு அரை மணி நடை. செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயமில்லை. வரவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறேன். எடையில் பத்து கிலோ குறைத்தேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலில் ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறைகிறதாம்! மாடிப்படிக்கு ஒரு சூத்திரம்: நல்ல காலை முன்வைத்து ஏற வேண்டும், கெட்ட காலை முன்வைத்து இறங்க வேண்டும். டாக்டரிடம் காட்டி, உங்கள் காலுக்கு எது சரி என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

சத்தியம் செய்யவில்லை

இப்போது பேத்தியின் நீட்டிய கைக்கு வருகிறேன்.

நான் சத்தியம் செய்யவில்லை. "கண்ணு, சொல்லித்தான் ஆகணும்" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. "உங்களை நம்பித்தானே காட்டினேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

ராத்திரி மகள் ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னேன். நான் எதிர்பார்த்ததுதான் நடந்தது. "போதும் விளையாடினது! நாளைக்கே பேரை எடுத்துடறேன். நீ படறதைத் தினம் பார்த்துக்கிட்டு இருக்கேனே, அது போதாதா எனக்கு? நீதானே சொல்வே, எல்லாம் வாலிபாலால வந்ததுன்னு?"

"நான் சொன்னது முழுக்க நிஜம் இல்லைடி" என்றேன்.

சமையலறையில் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். 'டப்'பென்ற சத்தம், பஸ் சுளுக்கு என்று அப்பாவிடம் சொன்ன பொய், அத்தையின் சத்தியம், பன்னிரண்டாம் நாள் ஆட்டம். டாக்டர் கேட்ட கேள்வியையும் சொன்னேன். பதினைந்து வருஷம் முன்பே எனக்குப் புரிந்துபோன விஷயம்தான். ஆனாலும் மகளிடம் சொல்லவில்லை. ஆட்டத்தின் மேல் பழியைப் போட்டால், நான் பொய் சொன்னதை யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா?

மகள் அடுப்பை அணைத்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்போ தாத்தாவுக்குப் பயந்து நீ மறைச்சே. இப்போ எனக்குப் பயந்து அவ மறைச்சிருக்கா. அப்படித்தானேம்மா?"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அவளுக்குள்ளிருந்தே வந்ததுதான் நல்லது.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். ஸ்கேனில் நார்கள் பத்திரமாக இருந்தன. வெளி ஓரத்தில் மெத்தை கொஞ்சம் கிழிந்திருந்தது. மெத்தையின் வெளி ஓரத்துக்கு மட்டும் ரத்த ஓட்டம் உண்டாம். அதனால் ஓய்வு கொடுத்தால் தானே ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். "இதோட பதினஞ்சு நாள்ல மேட்ச் ஆடியிருந்தா?" என்று மகள் கேட்டாள். டாக்டர் என் நடையைப் பார்த்துக்கொண்டே, "அதை உங்கம்மாகிட்ட கேளுங்க" என்றார்.

டிஸ்டிரிக்ட் மேட்ச் பேத்தி இல்லாமலே நடந்தது. அவர்கள் பள்ளிக்கூடம் தோற்றுவிட்டது. ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. பத்தாவது நாள் காலை நான் கட்டிலில் காலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தபோது, ஒன்றும் சொல்லாமல் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டு தன் காலைத் தூக்கினாள். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்துதான் எண்ணுகிறோம். நான் பதினைந்தில் நின்றுவிடுவேன். அவள் முப்பதைத் தாண்டுவாள்.

நான்கு மாதம் கழித்து, தை மாதத்தில் டாக்டர் சம்மதம் கொடுத்தார். இப்போது அவளுக்குப் புதிதாகக் குதிப்பதற்கு அல்ல, இறங்குவதற்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: இரண்டு காலிலும் இறங்கு, முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்கு, முழங்கால் உள்ளே சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கட்டும். ஆட்டத்துக்கு முன்னால் பதினைந்து, இருபது நிமிஷம் இந்தப் பயிற்சிகளை ஒழுங்காகச் செய்கிற பெண் பிள்ளைகளுக்கு நார் அறுகிற ஆபத்து பாதியாகக் குறைகிறதாம். எங்கள் காலத்தில் உயரக் குதிக்கச் சொன்னார்கள். எப்படி இறங்குவது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

மகளும் பேத்தியும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். அடிபட்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும். இது பேத்தியின் பங்கு. சொன்னதற்காக ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. இது மகளின் பங்கு. இரண்டாவது பங்குதான் கஷ்டமானது என்பது தாய்மார்களுக்குத் தெரியும்.

பிள்ளையை விளையாட அனுப்பும் தாய்மார்களே! 'டப்'பென்று சத்தம் கேட்டது, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வீங்கிவிட்டது, நடக்கும்போது கால் நழுவுகிறது — இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் எண்ணெய் போட்டு வழிக்காதீர்கள். ஐஸை ஒரு துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்து, காலை உயர்த்தி வைத்து, டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அதற்கு முதலில் அந்தப் பிள்ளை உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். சொல்கிற மாதிரி நாம் இருக்க வேண்டும்.

போன வாரம் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேத்தி சத்தம் போட்டாள்: "அம்மா! விரல்ல பந்து பட்டுடுச்சு, வீங்குது!" மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாய் வரை வந்த வார்த்தை என்ன என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றும் சொல்லாமல் ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் என் மோதிர விரலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐஸ் கட்டிய விரலோடு பேத்தி என்னிடம் வந்தாள்.

"அடுத்த மாசம் மேட்ச் இருக்கு அம்மாச்சி. நீங்க வரணும். ஆனா அங்கே கேலரிதான், நாற்காலி இல்லை. பத்துப் படி ஏறணும்."

"பத்துப் படிதானே? வரேன்" என்றேன். நல்ல காலை முன்வைத்து ஏறினால் ஆயிற்று!